மஹதி வீட்டுப் பழைய பைப்

ஜனவரி 5, ஞாயிறு

தம்மாமில் குளிர் இறங்கிவிட்டது. காலையில் கேம்ப் குழாயில் கை வைத்தால் விரல் மரத்துப்போகிறது என்று எல்லோரும் கத்துகிறார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இன்று புது சைட். ஆஸ்பத்திரியோ மாலோ இல்லை, ஒரு வீடு. மஹதி என்கிற வயதான சவூதிக்காரருடையது. எழுபதுகளில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தனக்கென்று கட்டிக்கொண்டதாம். அவன் ஊரில் இருக்கிற மாதிரியே தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் இரும்பு பைப் ஓட்டி, அறைக்கு ஒரு ரேடியேட்டர் வைத்து, பின்னால் ஒரு டீசல் பாய்லர் வைத்திருக்கிறான். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும், அது பைப்பில் வீடு முழுக்கச் சுற்றிவரும், அறை சூடாகும். இந்த ஊரில் இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. டிப்ளமோவில் ஒரு பாடமாக வந்தது, அவ்வளவுதான்.

பாய்லர் செத்துவிட்டது. புதியதை மாட்டவேண்டும். நானும் ஹபீப் முகம்மது பாயும். அவர் கீழக்கரைக்காரர், இருபது வருஷமாக இங்கே பிளம்பர்.

சூப்பர்வைசர் கல்யாணசுந்தரம் சார் வண்டியிலேயே சொல்லிவிட்டார். "பழசக் கழட்டு, புதுச மாட்டு, கையெழுத்து வாங்கு. பைப்ப நோண்டாத."

சரி சார் என்றேன்.

மஹதியின் மனைவி படுத்த படுக்கை. கீழறையில் இருக்கிறார். நான்கு கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன கரண்ட் ஹீட்டர், பொம்மை மாதிரி. மஹதி என் தோளைத் தொட்டு, "மதாமுக்குக் குளிர், ஜல்தி" என்றார்.

ஜனவரி 6

பழைய பாய்லர் வார்ப்பிரும்பு. இரண்டு பேரால் அசைக்க முடியவில்லை. உடைத்துத் துண்டு துண்டாக வெளியே கொண்டுபோனோம்.

பைப் ஜாயிண்டுகளைச் சணல் சுற்றி வெள்ளைப் பசை தடவி இறுக்கியிருக்கிறான். ரென்ச்சைப் போட்டு ஹபீப் பாய் தொங்கினார். அசையவில்லை. நான் கேஸ் வைத்துச் சூடேற்றினேன். சணல் கருகி, அந்த வாசம் வந்ததும் ஜாயிண்ட் திரும்பிவிட்டது.

கருகும் வாசம். என் மனைவி நாகவள்ளியை எரித்ததை நான் பார்க்கவில்லை. டெங்கு, நாலே நாள். ஊருக்குப் போக எக்ஸிட் பேப்பர் கையில் கிடைத்து, ஃப்ளைட் பிடித்து, மானாமதுரை போய் இறங்கினால் பால் தெளித்து முடித்திருந்தார்கள். ஆடியில் போனாள். இப்போது மார்கழி.

லைனைத் திறந்ததும் சிவப்பாக வந்தது தண்ணீர். செம்மண் கரைத்த மாதிரி. அது சரியில்லை.

கறுப்பாக வந்திருக்க வேண்டும். இந்த மாதிரி லைனில் ஒரே தண்ணீர்தான் வருஷக்கணக்காகச் சுற்றும். அதிலிருக்கும் காற்று சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் அது செத்த தண்ணீர், இரும்பை ஒன்றும் செய்யாது. மை மாதிரி கறுப்பாக இருக்கும். சிவப்பு வந்தால் எங்கேயோ புதுத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீர்தான் இரும்பைத் தின்னும்.

"பாய், தண்ணி செகப்பா வருது."

"துருன்னா செகப்பாத்தாம்ப்பா இருக்கும். பச்சையாவா இருக்கும்?"

விட்டுவிட்டேன்.

ஜனவரி 7

அத்தை போன் பண்ணினார். நாகவள்ளியின் அம்மா. எங்கள் பாப்பா அவரிடம்தான் வளர்கிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "வருசம் திரும்புறதுக்குள்ள முடிச்சிரணும் மாப்ள. வெளிய இருந்து ஒருத்தி வந்தா புள்ளையப் பாப்பாளா? கனகா இருக்கா. அவளத்தான் இதுவும் அம்மாங்குது. மாசியில நல்ல நாள் பாத்துருக்கோம்."

கனகா நாகவள்ளியின் தங்கச்சி. எங்கள் கல்யாணத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு நின்ற போட்டோ இருக்கிறது. இப்போது காலேஜ் கடைசி வருஷம்.

சரி அத்தை என்றேன்.

வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். டீ வேணுமா என்றாலும் சரிதான். அதே வாய்.

ஜனவரி 8

சிவப்புத் தண்ணீருக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

இந்த வீட்டில் வேலை செய்கிற பெண் சுகந்தா. சிலோன், ஹட்டன் பக்கம். இன்று ஒரு வாளியைக் கொண்டுவந்து ரேடியேட்டருக்கு அடியில் வைத்து, குழாயைத் திருகிப் பார்த்தாள். அது லைனை வடிக்கிறதற்கு வைத்த குழாய்.

"என்னம்மா பண்றீங்க?"

"சுடுதண்ணி வருதான்னு பாக்குறேன் அண்ணே. மேடமுக்கு இதுலதான் பிடிச்சு கை கால் கழுவி விடுறது. தொழுகைக்கு அஞ்சு நேரமும் வேணும். எனக்கு முந்தி இருந்த அக்காவும் இப்படித்தான் பிடிச்சாங்களாம்."

அஞ்சு நேரமும். எத்தனை வருஷமோ. ஒவ்வொரு வாளி எடுக்கும்போதும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு வாளி புதுத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. சூடாக இருக்கிறது, குழாய் இருக்கிறது, பிடித்துவிட்டார்கள்.

பைப் உள்ளே என்ன நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹபீப் பாயிடம் சொன்னேன். "சாரு நோண்டாதன்னாரு" என்றார். நோண்டவில்லை.

ஜனவரி 9

புது பாய்லரிலிருந்து வரும் லைனைப் பழைய இரும்போடு சேர்க்கவேண்டும். பைப்பை அறுத்து, முனையில் டை வைத்து மரை வெட்டினால், மூன்றாவது சுற்றிலேயே கிழிந்துவிட்டது. வெளியே பார்க்க முரட்டுப் பைப். பெயிண்ட் கூட நன்றாக இருக்கிறது. உள்ளே பிஸ்கட்.

இன்னும் பின்னால் தள்ளி அறுத்தோம். கிழிந்தது. சுவரை ஒட்டி ஒரு இடத்தில்தான் கொஞ்சம் கனம் கிடைத்தது. அங்கே மரை பிடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். "மூடு, பூசு, கெளம்பு."

ஜனவரி 10, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். தூங்கினேன்.

ஜனவரி 12

கனகாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எங்கேயோ ஒளிந்து நின்று பேசுகிற மாதிரி குரல். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"மச்சான், எனக்கு இதுல இஷ்டம் இல்ல. நான் சொன்னேன், அம்மா அறைஞ்சிருச்சு. அக்கா புள்ளைக்கு நீ செய்யாம யாரு செய்வான்னு கேக்குது. பாப்பாவ நான் பாக்குறேன் மச்சான், யாரும் சொல்லாமயே பாக்குறேன். அதுக்குன்னு கழுத்த நீட்ட முடியாது. நீங்க வேணாம்னு சொன்னாத்தான் நிக்கும். நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க. இத அழிச்சிருங்க."

அழித்துவிட்டேன். பதில் போடவில்லை.

என்ன பதில்? வேண்டாம் என்று சொன்னால் பாப்பா யாரிடம் இருப்பாள்? சரி என்று விட்டால் எல்லாம் தானாக நடக்கும். நான் இங்கே இருப்பேன், பணம் அனுப்புவேன், அவள் அங்கே இருப்பாள். ஒரு பொண்ணு மோட்டார் ரூமில் ஒளிஞ்சு நின்னு அழுதுட்டு அப்புறம் தாலி கட்டிக்குவா. நடக்காததா.

மோட்டார் சத்தம் காதிலேயே இருக்கிறது.

ஜனவரி 14, பொங்கல்

லைனில் தண்ணீர் ஏற்றினோம். பழைய பாய்லருக்கு மாடித் தொட்டி உயரத்தின் அழுத்தம் மட்டும்தான். புதியதற்கு அதைவிட அதிகம் வேண்டும், அதனால் தொட்டியின் பம்ப் லைனோடு சேர்த்தோம். அழுத்தம் கேஜில் ஒன்றரைக்கு வந்தது, நின்றது. பாய்லரை ஓட்டினோம். மதியத்துக்குள் ரேடியேட்டர் எல்லாம் கை வைக்க முடியாத சூடு. சுகந்தா மேடத்தின் கம்பளி இரண்டை எடுத்து மடித்து வைத்தாள். மஹதி எங்கள் இருவருக்கும் பேரீச்சம்பழமும் கஹ்வா காபியும் தன் கையால் கொடுத்தார்.

"உன் மதாம் இந்தியாவிலா?" என்று கேட்டார்.

"மதாம் மாஃபி."

இல்லை. இந்த ஊரில் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை. சிமெண்ட் மாஃபி, டூட்டி மாஃபி. அதே வார்த்தைதான் வந்தது.

அவர் கல்யாணமே ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டார் போல. சிரித்து முதுகில் தட்டினார்.

சாயங்காலம் வீடியோ கால். பாப்பா கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். போனுக்கு முத்தம் கொடு என்றதும் கொடுத்தாள், எச்சில் திரை முழுக்க. பின்னால் கனகா கோலப்பொடி டப்பாவோடு குறுக்கே போனாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"நாளு குறிச்சாச்சு மாப்ள" என்றார் அத்தை.

சரி.

ஜனவரி 16

கையெழுத்து வாங்கும் முன் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். கேஜ் ஊசி நகரவே இல்லை. ஒட்டிவைத்த மாதிரி ஒன்றரையில் நிற்கிறது.

அதுதான் எனக்கு உறுத்தியது. புதுசாகச் சூடேற்றிய பழைய லைன் கொஞ்சமாவது இறங்கும், ஏறும். இப்படி நிற்காது.

வீட்டுக்குள் செருப்பில்லாமல்தான் நடப்போம். நடைவழியில் மேடத்தின் அறைக்குப் போகிற இடத்தில் ஒரு டைல்ஸ் கதகதவென்று இருந்தது. பக்கத்து டைல்ஸ் சில்லென்று. திரும்ப நடந்தேன். அதே இடம். அதற்கு அடியில் பைப் போகவில்லை, சுவரோரம்தான் போகிறது.

பாய்லருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஏற்றுகிற வால்வு முழுக்கத் திறந்திருந்தது.

"பாய், இத மூடலையா?"

"தண்ணி லைனு, வால்வ மூடுனா எப்படிப்பா தண்ணி வரும்?"

இருபது வருஷமாகக் குழாயும் ஷவரும் மாட்டிய கை. அவருக்கு இதுவும் ஒரு சுடுதண்ணி லைன்தான். இந்த ஊர் பிளம்பர் யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார். வால்வு திறந்திருக்கும்வரை தரைக்குள் எவ்வளவு போனாலும் மாடித் தொட்டியும் பம்ப்பும் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊசி நகராது. பார்க்கிறவனுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது.

எப்படி இருக்க என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். நல்லா இருக்கேன்.

ஜனவரி 18

வால்வை மூடினேன். காலையில் ஒன்றரை. மதியம் லுஹர் பாங்கு சொல்லும்போது முக்கால். கிளம்பும்போது ஊசி பூஜ்யத்தில் கிடந்தது.

ஹபீப் பாய் கேஜைத் தட்டிப் பார்த்தார். நம்பவில்லை. அப்புறம் நம்பினார்.

"இப்ப என்னங்குற?"

"சொல்லணும் பாய்."

"யாருகிட்ட? வால்வ தொறந்து வைப்பா. நாளைக்கி கையெழுத்து. அவங்க தரை, அவங்க தண்ணி. ரெண்டு வருசம் கழிச்சு டைல்ஸ் தூக்கும், அப்ப எவனோ வருவான்."

நான் திறக்கவில்லை. அவர் ரென்ச்சைக் கீழே வைத்தார்.

"ஒன்னயப் பாத்துட்டுத்தான் இருக்கேன் தம்பி. ஊர்ல இருந்து என்ன சொன்னாலும் சரிங்குற. சாரு என்ன சொன்னாலும் சரிங்குற. இதுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு வாயி?"

ஜனவரி 19, ஞாயிறு

மஹதியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரபியும் அவருக்குத் தெரிந்த இந்தியும் போதவில்லை. அவர் கையைப் பிடித்து அந்த டைல்ஸ் மேல் வைத்தேன். அப்புறம் வால்வு, அப்புறம் கேஜ். புரிந்துகொண்டார். "பைப் மாஃபி?" என்றார்.

"பைப் கலாஸ்." முடிந்தது.

புது லைன் போடலாம், சுவருக்கு வெளியே. பழைய இரும்பை உள்ளேயே விட்டுவிடலாம், அடைத்துவிட்டு. அதுவரை பாய்லர் ஓடாது. அதைச் சொல்லும்போது அவர் திரும்பிக் கீழறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுகந்தா கம்பளியை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணசுந்தரம் சார் போனில் கிழித்தார். "நீ என்ன பெரிய அரிச்சந்திரனா? பைப்ப நோண்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? முடிச்சுட்டு வா, உனக்கு இருக்கு."

சரி சார் என்று சொல்லவில்லை.

ஜனவரி 21

அத்தை கால்.

"மாப்ள, ஒரு விசயம். புதுசா தாலிக்குன்னு அலைய வேணாம்னு நாகவள்ளியோடதையே ஆசாரிகிட்ட குடுத்துட்டேன். உருக்கி கனகாவுக்குச் செஞ்சிரலாம். அவ பொருளு அவ தங்கச்சிக்குத்தானே."

எப்ப குடுத்தீங்க?

"நேத்தே உருக்கிட்டாரே."

அந்த முனையில ரெண்டு தடவ மாப்ள மாப்ளன்னு கூப்பிட்டாங்க. அது அவ கழுத்துல கெடந்தது. குளிக்கிறப்ப கூட கழட்ட மாட்டா, மஞ்சக்கறை என் பனியன்ல எல்லாம் இருக்கும். அத நெருப்புல போட்டுட்டாங்க. அவளையும் நான் வர்றதுக்கு முன்னாடி போட்டுட்டாங்க. நான் எதுக்கும் கேக்கலன்னா எல்லாத்தையும் போட்டுருவாங்களா?

வேணாம் அத்தைன்னேன்.

"என்ன வேணாம்?"

கல்யாணம் வேணாம். எனக்கு மனசு இல்ல. கனகாவும் வேணாம், யாரும் வேணாம்.

"எம் பொண்ணுக்கு என்ன கொறச்சலக் கண்டீங்க?"

அவகிட்ட ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் முடியாது.

"பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. இத்தன நாளு சரி சரின்னுட்டு இப்ப வேணாமா? ஊருல என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் நடப்பேன்?"

அவங்க அழுதாங்க. திட்டினாங்க. நாகவள்ளி பேரச் சொல்லித் திட்டினாங்க. கனகா கேட்டான்னு நான் சொல்லல. போனை வச்சதுக்கு அப்புறம் கட்டில்ல உக்காந்து பனியனை எல்லாம் எடுத்துப் பாத்தேன். கறை எதுலயும் இல்ல. எல்லாம் இங்க வந்து வாங்கினது.

அழுதேன். முதல் தடவை.

ஜனவரி 22

பாப்பாவைக் காட்டவில்லை. அத்தை போனை எடுக்கவே இல்லை.

ஜனவரி 28

மஹதி ஒத்துக்கொண்டார், புது லைன் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஹபீப் பாய் ஒரு வார்த்தை முனகவில்லை. கிளாம்ப் அடிக்கிறார், நான் சேர்க்கிறேன். வடிக்கிற குழாய்களில் கைப்பிடி இல்லாத மாதிரி போட்டுவிட்டோம், சாவி இல்லாமல் திறக்காது. சுகந்தாவுக்கு அடுப்படிப் பக்கம் தனியாக ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்டிக் கொடுத்தேன். "இதுல பிடிங்க, எவ்வளவு வேணும்னாலும்."

பழைய பைப்பின் ஒவ்வொரு முனையையும் அடைத்தோம். உள்ளே மிச்சத் தண்ணீர் இருக்கும். இருக்கட்டும்.

பாப்பா முகத்தைப் பார்த்து ஒரு வாரம்.

பிப்ரவரி 3

வீட்டு வாசலில் வண்டிகள். உள்ளே போகவில்லை. சுகந்தா பின்வாசலுக்கு வந்து, "மேடம் விடியக்காலை போய்ட்டாங்க அண்ணே" என்றாள். இன்னும் இரண்டு அறைதான் பாக்கி இருந்தது.

"குளிர்லயா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லண்ணே. டொக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வால்வைத் திறந்து வைத்திருப்பேனா? கடைசி நாட்களாவது கதகதப்பாக... எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 9

மஹதியே கூப்பிட்டனுப்பினார். மீதி வேலையை முடித்தோம். வால்வை மூடி ஒரு நாள் முழுக்க விட்டோம். ஊசி கொஞ்சம் இறங்கியது, சூட்டில் கொஞ்சம் ஏறியது, பழைய இடத்துக்கு வந்தது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

எல்லா அறையும் வேண்டாம், கீழறை மட்டும் ஓட்டு என்றார். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் தரை, ஒரு நாற்காலி. ரேடியேட்டர் சூடாகிறவரை அதில் உட்கார்ந்திருந்தார். நான் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்று உன் மதாம் மாஃபி என்றாயே," என்றார். "மௌத்தா?" செத்துப்போனாளா என்று.

தலையாட்டினேன்.

தன் நெஞ்சில் கை வைத்தார். கையெழுத்துக்கு நீட்டிய பேப்பரைப் படிக்காமல் போட்டுக் கொடுத்தார். கேம்ப் வாசலில் வண்டி நின்றதும் ஹபீப் பாய், "புள்ள ஒன்னுது தம்பி" என்றார்.

பிப்ரவரி 11

அத்தை போன் எடுத்தார். குரல் ஆறிப்போன தண்ணீர் மாதிரி இருந்தது, கோபம் கூட இல்லை.

"கனகாவுக்கு வெளிய பாக்கப் போறோம். இன்னொருத்தி புள்ள இடுப்புல இருந்தா எவன் வருவான்? வந்து உங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயிருங்க."

சரி அத்தை.

இந்தச் சரி வேறு. வேலையை விட்டு ஒரேயடியாக ஊர் போக, சாரிடம் ஃபைனல் எக்ஸிட் கேட்டேன். "போ, நல்லதாப் போச்சு" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு, மானாமதுரை

அத்தை வீட்டு வாசலிலேயே நிற்கவைத்தார்கள். மாமா உள்ளேயிருந்து வரவில்லை. அத்தை பாப்பாவை இறக்கிவிட்டு, துணிப்பையைக் கொடுத்தார். அப்புறம் முந்தானையில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். ஒரு புளியங்கொட்டை அளவு தங்கக் கட்டி. உருவமில்லாமல்.

பாப்பா என்னைப் பார்த்து அலறினாள். ஆட்டோ முழுக்க அலறினாள். போனில் தெரிகிற ஆள் இவ்வளவு பெரிதாக இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது.

அண்ணன் வீட்டு மாடி அறை. இங்கே ஹீட்டர் இல்லை. அடுப்பில் வெந்நீர் வைத்தேன். கனகாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது, கல்யாணப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல். "தலைக்கு ஊத்துறப்ப ரெண்டு காதையும் பொத்திக்கங்க. இல்லன்னா பயந்துக்குவா. ரொம்ப சூடு ஆகாது."

முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். ஒரு கையால் காதுகளைப் பொத்தினேன், ஒரு கையால் ஊற்றினேன். சின்னத் தலை, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அழுகை நிற்கவில்லை. அம்மாச்சி, சித்தி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

பாதியில் தண்ணீர் ஆறிவிட்டது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறேன்.